இலத்திரன் திருப்புகிற மாப்பிள்ளை

ஊர்காவற்றுறையில் பிறந்து வளர்ந்த ஒருவன் கடலில் சத்தி எடுப்பான் என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். என் தம்பி கிறிஸ்தோப்பர் எடுப்பான். காரைநகருக்குப் போகிற அந்தச் சின்னத் தண்ணீரை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் கடக்க ஒரு சுருட்டுக் குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகாது. அதற்குள் அவன் முகம் வெளிறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்துவிடுவான். பக்கத்தில் சைக்கிளோடும் முட்டைக்கூடையோடும் நிற்கிறவர்கள் பழக்கதோஷத்தில் ஒதுங்கி இடம் விடுவார்கள்.

அம்மாவும் அப்பாவும் நேரத்தோடு போய்விட்டதால் அவனை வளர்த்தவள் நான். பெயர் மேரிஜோசப்பின். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் மருத்துவமாது, அதனால் ஊருக்கு நான் மிஸி. தீவில் பாதிப்பேர் என் கையில் வந்துதான் முதன்முதலில் அழுதவர்கள். ஆகவே எனக்கு ஒருவரிடமும் பயம் கிடையாது, ஒருவரைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிறிஸ்தோப்பர் பௌதிகவியலில் பட்டம் எடுத்து, கொழும்பில் முதுமாணிப் படிப்புக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தான். என்ன ஆய்வு என்று கேட்டால் இலத்திரனைத் திருப்புகிறேன் என்பான். ஒரு விடுமுறைக்கு வந்தபோது குசினியில் என்னை இருத்தி விளக்கினான். அலுமாரி அளவில் ஒரு காந்தம். அதன் நடுவில் விரல் தடிப்பில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் ஒரு சிட்டிகை பளிங்குத்தூள். அந்தத் தூளின் அணுக்களுக்குள் இருக்கிற இலத்திரன்கள் தன்பாட்டில் சுழலுகிற குட்டிக் குட்டிக் காந்தங்கள். பெரிய காந்தத்துக்கு அடங்கி அவை ஒரு பக்கம் பார்த்து நிற்கும். பித்தளைக் குழாய் வழியாக நுண்ணலையை அனுப்பினால், சுருதி சரியாக இருந்தால் மட்டும், அவை திரும்பும். கொஞ்ச நேரம் அனுப்பினால் பக்கவாட்டில் சாயும், அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் அனுப்பினால் தலைகீழாகும். எவ்வளவு நேரம் அனுப்புவது என்பதைக் கையில் வைத்திருப்பதுதான் தன் தொழில் என்றான். நேரம் என்றால், கண் இமைக்கிற நேரத்தை இலட்சக்கணக்கான துண்டாக்கி அதில் ஒரு துண்டு.

இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டேன். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றான், மிகவும் சந்தோசமாக. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாழ்நாள் முழுக்கத் தலைகீழாக வருகிற பிள்ளைகளைத் திருப்பி எடுக்கிறவள் நான். இவன் நேராக நிற்கிறதைத் தலைகீழாக்குவதற்குப் படிக்கிறான்.

எண்பத்துமூன்று ஆடியில் கொழும்பு எரிந்தது. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் அவனும் காங்கேசன்துறையில் இறங்கினான். வழி முழுக்கச் சத்தி எடுத்திருந்தான். கையில் ஒரு பை. பைக்குள் இரண்டு சேட்டும், சாரத்தில் சுற்றிய அந்தக் கண்ணாடிக் குழாயும். சான்றிதழ்களை விட்டுவிட்டுப் பளிங்குத்தூளைத் தூக்கிக்கொண்டு வந்தவனை என்ன செய்வது? உயிரோடு வந்து சேர்ந்தானே என்று கட்டிப்பிடித்து அழுதேன். அழுது முடித்த பிறகு ஏசினேன்.

ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்க இடம் கிடைத்தது. அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள் றோசம்மா. மற்ற ஆசிரியைகள் இவன் இலத்திரன் கதையைத் தொடங்கினால் கொட்டாவியை மறைப்பார்கள். றோசம்மா மட்டும், திரும்புகிற கோணத்துக்குச் சமன்பாடு என்ன என்று கேட்டாளாம். அன்றைக்கு மாலை வீட்டுக்கு வந்தவன் சோற்றில் குழம்பு விடாமலே சாப்பிட்டு எழும்பினான். எனக்கு விளங்கிவிட்டது.

றோசம்மா சம்மாட்டி லியோனின் கடைசி மகள். எனக்குப் பயமான ஒரே ஆள் அவர்தான். எட்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், அந்தக் கரையில் அவர் சொன்னால் சொன்னதுதான். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒருதடவை ஒரு பக்கம் பார்த்து நின்றாரென்றால் பிறகு திரும்பமாட்டார். வாலிபத்தில் யாரோ ஒருவரின் கலியாண வீட்டில் கத்தரிக்காய்க் கறி வயிற்றைக் குழப்பிவிட்டது என்பதற்காக அதற்குப் பிறகு கத்தரிக்காய் வாயில் வைத்ததில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரலாம், லியோன் நகரமாட்டார்.

மருமக்களை எடுப்பதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மாப்பிள்ளை செய்கிற தொழிலைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும். மூத்த மருமகன் வள்ளம் கட்டுகிறவர். லியோன் ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் நின்று அவர் பலகை சீவுவதைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். இரண்டாவது மருமகன் தபால் கந்தோரில் வேலை. லியோன் வரிசையில் நின்று ஒரு முத்திரை வாங்கினார். மருமகன் அதைக் கோணாமல் கிழித்துக் கொடுத்தார். அந்தக் கலியாணமும் நடந்தது.

நான் நல்ல சேலை உடுத்திக்கொண்டு சம்பந்தம் பேசப் போனேன். மண்டபத்தில் எனக்குக் கதிரை போட்டார்கள். எதிரே கண்ணாடி அலுமாரி. அதற்குள் வரிசையாகப் பித்தளைக் கிண்ணங்கள், எல்லாம் மினுங்கிக்கொண்டு. சூசையப்பர் திருநாளுக்கு வருடாவருடம் நடக்கிற பாய்வள்ளப் போட்டியில் சம்மாட்டியார் வென்றவை. அவர் தோற்ற வருடம் என்று ஒன்று கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தன் கையாலேயே அவற்றைத் துடைப்பார்.

தம்பி ஆசிரியர் என்று நான் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டினார், மறுப்பதற்கு. கிறிஸ்தோப்பர் எனக்கு முன்பே அங்கே போய்த் தன் வாயாலேயே எல்லாவற்றையும் கெடுத்திருந்தான். படிப்பிப்பது இடைக்காலத்துக்கு, உண்மையான தொழில் இலத்திரனைத் திருப்புவது என்று சொல்லியிருக்கிறான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையாக வளர்த்தது என் பிழைதான்.

“தொழில் இலத்திரன் எண்டு அவரே சொன்னவர், மிஸி,” என்றார் லியோன். “அதைக் காட்டட்டும். கண்டால் பிள்ளையைத் தருவன். காணாமல் குடுக்க ஏலாது.”

மெஷின் கொழும்பில். கொழும்புக்கு யார் போவது? போனாலும் அது இருக்கிறதோ எரிந்துவிட்டதோ யாருக்குத் தெரியும்? கிறிஸ்தோப்பர் சளைக்காமல் அவரிடம் திரும்பத் திரும்பப் போனான். ஒருநாள் திசையறி கருவியையும் காந்தத்தையும் கொண்டுபோய் ஊசியைத் திருப்பிக் காட்டினான். இந்த ஊசியைத் திருப்பக் கொழும்பிலிருந்து ஆள் வரத் தேவையில்லை, தன் வள்ளமே தினமும் திருப்புகிறது என்று அவர் சொல்லியனுப்பிவிட்டார். றோசம்மா கரும்பலகையில் கூட்டலைப் பிழைவிடத் தொடங்கினாள் என்று பிள்ளைகள் கதைத்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பாவம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். அந்த வீட்டில் லியோனிடம் நேரே போய்க் கேட்டு ஒருவரும் ஒன்றும் வாங்கியதில்லையடா, அவருக்குக் காது அந்தச் சுருதியில் இல்லை, அவருடைய மனுசி பிலோமினம்மாவிடம் சொல், அவ திரும்பினால் அவர் தானாகத் திரும்புவார் என்று ஏசினேன். மருத்துவமாதுக்கு இதெல்லாம் சொல்லித்தரத் தேவையில்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் ஆரிடம் சொன்னால் ஆர் அசைவார் என்பது அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

அவன் கையிலிருந்த சோற்றோடு அப்படியே என்னைப் பார்த்தான்.

“அக்கா, கருவும் இப்பிடித்தான்,” என்றான்.

அணுவின் நடுவிலிருக்கிற கருவுக்கும் சுழற்சி உண்டாம். ஆனால் அது மந்தம். இலத்திரனைத் திருப்புகிற நுண்ணலை அதற்குக் கேட்காது. அதைத் திருப்பவேண்டுமென்றால் பக்கத்தில் அதோடு பிணைந்திருக்கிற இலத்திரனைத்தான் பிடிக்கவேண்டும். இலத்திரனைச் சரியான நேரம் பார்த்துத் திருப்பத் திருப்ப, கரு தன்பாட்டில் அசைகிறதாக நினைத்துக்கொண்டு திரும்பிவிடுமாம். ஒரு வருடமாக ஆய்வுகூடத்தில் அதைத்தானே செய்தேன், இந்த வீட்டில் செய்ய எனக்குத் தோன்றவில்லையே என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். நெற்றியெல்லாம் சோறு.

அடுத்த நாள் ஒரு திட்டத்தோடு வந்தான். திருநாளுக்கு எட்டு வள்ளமும் ஓடத்தானே போகிறது, போட்டிக்கு முன்பு ஒருதடவை தனக்காக ஓடட்டும் என்றான். ஒரே கோட்டிலிருந்து எல்லாம் புறப்படும். ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் போகும், ஆகவே போகப்போக ஒன்றுக்கொன்று விலகிச் சிதறிவிடும். கோயில் மணி அடித்தால் எல்லாம் அந்த இடத்திலேயே திரும்பி, அதே வேகத்தில் வரவேண்டும். வேகமாகப் போனதற்குத் திரும்பிவரத் தூரம் கூட. மெதுவாகப் போனதற்குத் தூரம் குறைவு. ஆகவே எட்டும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடும். சிதறிப்போன இலத்திரன்களை ஒரே ஒரு நுண்ணலைத் தட்டில் இப்படித்தான் ஒன்றுசேர்ப்பேன், அதற்கு எதிரொலி என்று பெயர், சம்மாட்டியார் தன் கண்ணாலேயே காணட்டும் என்றான்.

நான் பிலோமினம்மாவிடம் போனேன். குசினிக்குப் பின்னால் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் சொன்னதையெல்லாம் கேட்டா. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, எனக்கு ஒரு பாரைமீன் பொதிந்து தந்தா. அந்தக் கிழமையே லியோன் கரையில் எல்லோர் முன்னும் அறிவித்தார். தனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறதாம், போட்டிக்கு முன்பு எட்டு வள்ளமும் அந்தக் கொழும்புப் பெடியனுக்காக ஒருதடவை ஓடுமாம். கரு திரும்பத் தொடங்கிவிட்டது என்று கிறிஸ்தோப்பர் என் காதில் சொன்னான்.

பங்குனி மாதத்தில் சூசையப்பர் திருநாள். அனலைதீவு எதிரே தெரிகிற மேற்குக் கரை. கொண்டல் காற்று கரையிலிருந்து கடலுக்கு மெல்ல வீசிக்கொண்டிருந்தது. கரையோரமாக வடக்கே ஓடித் தெற்கே திரும்பினால் காற்று இரண்டு வழிக்கும் பக்கவாட்டில்தான், ஆகவே போகிற வேகமும் வருகிற வேகமும் ஒன்றாக இருக்கும் என்று அவன் கணக்குப் பார்த்து வைத்திருந்தான். கரையில் ஒரு கம்பம், கடலுக்குள் ஒரு கம்பம், அதுதான் கோடு. மணிக் கயிறு என் கையில். பூசை முடிந்த சனம் முழுக்கப் புதுச் சட்டையோடு மணலில் நின்றது.

அவன் என்னோடு கரையில் நின்றிருக்கலாம். லியோன் விடவில்லை. தொழில் பார்ப்பதென்றால் பக்கத்தில் இருந்துதான் பார்ப்பேன் என்று தன் வள்ளத்தில் ஏறச் சொன்னார். சூசையப்பர் கொடி பறக்கிற, எட்டிலும் வேகமான வள்ளம் அது. ஏறி இருந்த உடனேயே என் தம்பி விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தொழிலின் முதல் பாகம் அப்படித்தான் நடந்தது.

வள்ளங்கள் புறப்பட்டன. லியோனுடைய வள்ளம் முன்னே பாய்ந்தது. அவரிடம் தொழில் செய்கிற குருசுமுத்து ஓட்டிய வள்ளம், தண்ணீர் உள்ளே வருவதும் இறைத்து வெளியே ஊற்றுவதுமாக, எல்லோருக்கும் பின்னே. மற்றவை நடுவில் ஆளுக்கொரு இடத்தில். அவன் சொல்லிவைத்த நேரத்தில் மணியை இழுத்தேன். எட்டுப் பாயும் ஒரே நேரத்தில் மறுபக்கம் விழுந்தன. இப்போது குருசுமுத்து முன்னே, லியோன் கடைசி. இடைவெளிகள் கண்ணுக்கு முன்னாலேயே சுருங்கத் தொடங்கின. சனத்தின் சத்தம் அடங்கியது. எட்டும் கிட்டக்கிட்ட வருகிற அந்த நேரத்தில் என் நெஞ்சு அடித்த அடியை நான் வேறு எதற்கும் அறிந்ததில்லை. என் தம்பி சொன்னது உண்மை, சொன்னது உண்மை என்று மணிக் கயிற்றை நெரித்துக்கொண்டு நின்றேன்.

வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்தது. கோட்டுக்குக் கொஞ்சத் தூரம் இருக்கும்போது குருசுமுத்து ஒருதடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். சம்மாட்டியார் வருகிறார். குருசுமுத்துவின் கை பாய்க்கயிற்றைத் தளர்த்தியது. அவருக்குப் பக்கத்து வள்ளமும் தளர்த்தியது. ஒன்றைப் பார்த்து ஒன்றாக ஏழு பாயும் தொய்ந்தன. கொடிகட்டிய வள்ளம் நடுவால் தனியே வந்து கோட்டைத் தாண்டியது. அதன்பின் மற்றவை ஒழுங்காக, வயது மூப்புப்படி வந்தன. கரையில் வழக்கம்போலக் கைதட்டினார்கள்.

லியோன் வள்ளத்தைவிட்டு இறங்கவில்லை. அங்கே நின்றபடியே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

“எட்டும் ஒண்டா வரும் எண்டீர், தம்பி. நான் தனிய வந்தனான்.”

றோசம்மா கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கிறிஸ்தோப்பர் வாயைத் துடைத்தான், நிமிர்ந்தான், சிரித்தான். இப்படி ஒரு சந்தோசமான முகத்தை நான் அவனில் கண்டதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவன் இப்போது என்ன சாட்டுச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

“ஐயா, இதுதான் எனக்குக் கொழும்பிலையும் நடந்தது,” என்றான். “எதிரொலி கணக்குப்படி வராமல் மெலிஞ்சு வந்தது. காந்தத்தைச் சோதிச்சன், குழாயைச் சோதிச்சன், பிழை காணேலாமல் போச்சு. இப்பதான் விளங்குது. அதுகள் என்ர அலையை மட்டும் கேக்கிறதில்லை, பக்கத்திலை நிக்கிறவரையும் பாக்குது. உங்கட வள்ளத்தைப் பாத்துத்தான் மற்ற ஏழும் பாயைத் தளர்த்தினது.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். திருநாளன்று சம்மாட்டியின் வள்ளத்துக்கு முன் யாரும் கோட்டைத் தொடுவதில்லை. இது கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. எனக்கும் தெரியும், ஆனால் இது போட்டி இல்லையே என்று இருந்துவிட்டேன். தெரியாதவர்கள் இரண்டு பேர். ஒருவன், கடல் பக்கம் திரும்பியும் பார்க்காத என் தம்பி. மற்றவர், எப்போதும் முன்னே வருவதால் பின்னால் நடப்பதைக் காணாத லியோன்.

அவர் குருசுமுத்துவைப் பார்த்து உண்மையோ என்று கேட்டார். குருசுமுத்து தன் கால் பெருவிரலை ஆராய்ந்தார். எத்தனை வருடமாக என்று லியோன் கேட்டார். குருசுமுத்து மற்றக் காலின் பெருவிரலுக்கு மாறினார். அலுமாரி நிறைந்த கிண்ணங்கள் எனக்குக் கண்முன்னே வந்தன. அவருக்கும் வந்திருக்கும். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இனி இந்தக் கலியாணம் நடக்காது என்பதில் சந்தேகமும் இல்லை.

அப்போது பிலோமினம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து தண்ணீர் ஓரமாக நடந்து வந்தா. சத்தம் போடவில்லை.

“இஞ்சேருங்கோ,” என்றா. “நீங்கள் இறங்கி வாங்கோ. வெய்யில் இருக்கேக்கை அதுகள் இன்னொருக்கா ஓடட்டும்.”

லியோன் கொடியைக் கழற்றினார். முழங்கால் தண்ணீரில் இறங்கிவந்து, கொடியை மணலில் எனக்குப் பக்கத்தில் குத்திவிட்டு நின்றார். சுக்கானை அவருடைய உதவியாள் பிடித்தான். கிறிஸ்தோப்பரை இறங்கச் சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, அவன் மறுபடியும் போனான்.

அந்த இரண்டாம் ஓட்டத்தில் பார்க்க ஒரு சம்மாட்டி இல்லை, காட்ட ஒரு மரியாதை இல்லை. சிதறினார்கள், மணியை இழுத்தேன், திரும்பினார்கள். குருசுமுத்து பின்னால் பார்க்கவே இல்லை. எட்டு வள்ளத்தின் முன்பக்க அணியமும் ஒரே வரிசையாக, வேட்டி கொடியில் காய்கிறதுபோல எட்டுப் பாயும் பக்கத்தில் பக்கத்தில், கோட்டை வந்து தொட்டன. ஒன்று அரை முழம் முன்னே, ஒன்று அரை முழம் பின்னே. இடம் போதாமல் இரண்டு வள்ளம் விலாவோடு விலா இடித்து, குருசுமுத்து தண்ணீருக்குள் விழுந்தார். சனம் கத்திய கத்தில் பூசைக்கு வந்த சுவாமியார் அங்கிக்கரையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே ஓடினார். நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியாது.

லியோன் தன் எட்டு வள்ளமும் ஒன்றாகக் கரை சேர்வதை அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டார். கொடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். போட்டியும் அந்த வருடம் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் ஒரு செய்தியும் வரவில்லை. அவர் கடலுக்குப் போகவில்லை, சாப்பாடும் குறைவு என்று ஊர் சொன்னது. கிறிஸ்தோப்பர் தன் பங்குக்கு, அயலவர் பார்வையால் எதிரொலி எப்படி மெலிகிறது என்று எந்நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கலியாணம் போனாலும் கணக்குக் கிடைத்துவிட்டது என்கிற மாதிரி இருந்தது அவன் முகம். எனக்கு அகப்பைக் காம்பால் ஒன்று போடலாம்போல இருந்தது. ஆனால் அவன் கணக்குக்கு நடுவில் பேனாவை வைத்துவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டேன். அந்த யன்னலால் தெரிவது றோசம்மா பள்ளிக்கூடத்தால் வருகிற ஒழுங்கை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து பிலோமினம்மா என்னை வீட்டுக்கு வரச் சொன்னா. போனேன். மண்டபத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அலுமாரி. வெறுமையாக இருந்தது. ஒரு கிண்ணமும் இல்லை. எல்லாவற்றையும் வள்ளக்காரருக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டாராம். குருசுமுத்துவின் வீட்டில் அதில் அரிசி அளக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். லியோன் எதிர்க் கதிரையில் இருந்தார். மறுப்பைக் கேட்க நான் ஆயத்தமாக இருந்தேன்.

“என்ர ஆக்கள் எல்லாரும் எனக்காகப் பாயைத் தளர்த்தினவை, மிஸி,” என்றார். “உங்கட தம்பி ஒருத்தர்தான் தளர்த்தேல்லை. அதுவும் பொம்பிளை கேட்டு வந்த வீட்டிலை.” பிறகு, “தொழிலைக் கண்டன். பிள்ளையைத் தாறன்,” என்றார்.

குசினி வாசலில் நின்ற பிலோமினம்மா, தேத்தண்ணி கொண்டுவரட்டோ என்று மட்டும் கேட்டா. இந்த மரியாதைக் கதை உங்களுக்கு முதலே தெரியாதோ அக்கா என்று நான் பிறகு தனியாகக் கேட்டேன். தெரியாமல் என்ன, அவர் கிண்ணம் துடைக்கிற ஞாயிறுகளில் சந்தோசமாக இருப்பார், அதைக் கெடுப்பானேன் என்றா. அப்படியென்றால் ஏன் இரண்டாம் தடவை ஓடச் சொன்னீர்கள் என்றேன். மகளின் முகத்தைப் பார்த்தனான் என்றா.

சித்திரையில் கலியாணம் முடிந்தது. போட நகை இல்லாத என் தம்பி, மாமனாருக்கு அந்தக் கண்ணாடிக் குழாயைக் கொடுத்தான். அவர் அதை வெறும் அலுமாரியில், கிண்ணம் இருந்த இடத்தில் வைத்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம், இதற்குள் இலத்திரன் இருக்கிறது, என் மருமகன் திருப்பினது என்று காட்டுவார். பார்க்கிறவர்கள் குழாயை உற்றுப் பார்த்து, ஓம் ஓம் என்பார்கள். சம்மாட்டியார் காட்டினால் காணாமல் விட ஏலுமா?

பிறகு கடலுக்குத் தடைகள் வந்தன. அடுத்தடுத்த வருடங்களில் போட்டி நடக்கவில்லை. கிறிஸ்தோப்பருக்கு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இடம் கிடைத்து அவனும் றோசம்மாவும் போனார்கள். விமானத்திலும் சத்தி எடுத்தானாம். அங்கே படிப்பை முடித்தான். ஒரு மணி போதாது அக்கா, மணியை அடுத்தடுத்து அடித்துக்கொண்டே இருந்தால் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்க்க அவைக்கு நேரம் இராது, எதிரொலி கனநேரம் நிற்கும் என்று தொலைபேசியில் கத்தினான். தபால் கந்தோரில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் வீட்டில் ஏதோ நல்ல காரியம் என்று நினைத்தார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு பங்குனியில் கொஞ்சம் அமைதி இருந்தது. அவர்கள் கைக்குழந்தையோடு லீவில் வந்தார்கள். கரையில் மறுபடியும் போட்டி வைக்க ஊர் முடிவெடுத்தது. லியோனுக்கு முழங்கால் நோ, தலை முழுக்க வெள்ளை. ஆனாலும் ஓடுவேன் என்றார், மருமகனும் தன் வள்ளத்திலேயே வரவேண்டும் என்றார்.

போட்டிக்கு முதல்நாள் பிலோமினம்மா வீடுவீடாகப் போனா. ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், ஏழு வள்ளக்காரரின் மனைவிமாரோடும் இருந்து கதைத்தா. நாளைக்கு உங்கட மனுசன் பாயைத் தளர்த்தினால் நான் உங்கட வீட்டு வாசல் மிதிக்கமாட்டன் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாவாம். நான் பிரசவம் பார்க்கப் போன இடத்தில் இதைக் கேள்விப்பட்டேன். சொன்னவள் வலிக்கு நடுவிலும் சிரித்தாள்.

போட்டி ஓடியது. ஒருவரும் பாயைத் தளர்த்தவில்லை, ஒருவரும் பின்னால் பார்க்கவில்லை. சூசையப்பர் கொடி பறந்த வள்ளத்துக்கு முன்னே நாலு வள்ளம் கோட்டைத் தாண்டின. கரையில் கைதட்டுவதா விடுவதா என்று தெரியாமல் சனம் திகைத்தது. லியோன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். விளிம்பில் குனிந்துகொண்டிருந்த கிறிஸ்தோப்பரின் முதுகைத் தட்டி நிமிர்த்தினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை எந்தக் கிண்ணமும் கொண்டுவந்ததில்லை.

“கண்டீரோ, மருமகன்? அஞ்சாவதா வந்தனான்,” என்றார். “உண்மையான அஞ்சாவது.”

அன்றைக்குப் பொழுதுபடும்வரை அவர் அந்தக் கரையில் கண்டவர்களையெல்லாம் நிறுத்தி அதைச் சொன்னார். பிலோமினம்மா பெண்களோடு இருந்து வள்ளக்காரருக்குப் பலகாரம் பகிர்ந்துகொண்டிருந்தா. முன்பு முதல் ஆளாகப் பாயைத் தளர்த்திய குருசுமுத்துவுக்கு மட்டும் இரண்டு தடவை வைத்தா.